கம்ப்யூட்டர் வந்துட்டா வார்டுல தப்பே நடக்காதா? ஒரு நர்ஸ் கேட்டதுக்கு என் பதில்

கேள்வி இதுதான்: "எங்க ஆஸ்பத்திரில கேஸ் ஷீட்ட மொத்தமா எடுத்துட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தறாங்க. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பார்கோடு ஸ்கேன் பண்ணனுமாம். இனிமே தப்பே நடக்காது, உங்களுக்கும் வேலை பாதியாயிடும்னு சொல்றாங்க. நான் 11 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். நம்பலாமா?"

பாதி நம்பலாம் சிஸ்டர். தப்பு குறையும்ங்கறது பெரும்பாலும் உண்மை. தப்பே நடக்காதுங்கறது பொய். வேலை பாதியாகும்னு சொன்னவர் ஒரு நைட் டியூட்டி கூட பாத்ததில்லன்னு மட்டும் அடிச்சு சொல்வேன். நான் பல வருஷம் வார்டுல டாக்டரா இருந்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் கமிட்டில போய் மாட்டிக்கிட்ட ஆளு, அதனால ரெண்டு பக்கத்து திட்டும் வாங்கின அனுபவத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல நல்லத சொல்லிடறேன், இல்லன்னா பழைய பேப்பர் காலமே பொற்காலம்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும். அது பொற்காலமெல்லாம் இல்ல. டாக்டர் கையெழுத்து புரியாம மூணு பேர் கூடி நின்னு இது 1.0-வா 10-ஆன்னு ஜோசியம் பாத்தது நமக்கு தெரியாதா. 1999-ல அமெரிக்காவுல இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்ங்கற அமைப்பு ஒரு அறிக்கை விட்டுச்சு, ஆஸ்பத்திரில நடக்கற தவிர்க்கக்கூடிய தப்பால மட்டும் அந்த நாட்டுல வருஷத்துக்கு 44,000-லேர்ந்து 98,000 பேர் வரை சாகறாங்கன்னு. கம்ப்யூட்டர் வந்தே ஆகணும்னு உலகம் பூரா வேகம் புடிச்சதுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். அதுக்கு முந்தின வருஷமே பாஸ்டன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில டாக்டருங்க மருந்த கம்ப்யூட்டர்ல எழுத ஆரம்பிச்சதும் கடுமையான மருந்துத் தப்பு 55 சதவீதம் குறைஞ்சதா காட்டியிருந்தாங்க. 2010-ல அதே ஆஸ்பத்திரில பார்கோட வச்சு பாத்தப்போ, நேரம் தவறினத தனியா வச்சுட்டு பாத்தா மருந்து குடுக்கறதுல நடக்கற மத்த தப்பு 41 சதவீதம் குறைஞ்சது. ஆர்டர பாத்து இன்னொரு ஷீட்ல நாமளே எழுதிக்கறோமே, அந்த இடத்துல வர்ற தப்பு மொத்தமாவே காணாம போச்சு. சின்ன விஷயமில்ல இது.

இன்னொன்னும் சொல்லணும், இந்த பார்கோடு யோசனையே ஒரு நர்ஸோடது. 1992 வாக்குல கான்சாஸ்ல முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரில வேலை பாத்த ஒரு நர்ஸ் வாடகைக் கார திருப்பிக் குடுக்கப் போனாங்க, அங்க இருந்த ஆள் கைல ஒரு கருவிய வச்சு கார் மேல ஒட்டியிருந்த கோட டக்குனு ஸ்கேன் பண்ணத பாத்துட்டு, காருக்கு பண்றத நோயாளிக்கு பண்ணக்கூடாதான்னு கேட்டாங்க. வார்டுல நின்ன ஆளுக்கு வந்த யோசனைங்கறதாலதான் அது வேலை செஞ்சுதுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

இப்போ மறுபக்கம். இதுக்கு ஒரு கேஸ் சொன்னா போதும், நான் ட்ரெய்னிங் எடுக்கறப்பல்லாம் இதத்தான் சொல்லுவேன். 2013, சான் ஃபிரான்சிஸ்கோல ஒரு பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. 16 வயசு பையன், எடை 38.6 கிலோ, வழக்கமா கோ-ட்ரைமாக்சசோல்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை ஒண்ணு சாப்பிடறவன், அதாவது 160 மில்லிகிராம். அந்த ஆஸ்பத்திரில 40 கிலோவுக்கு கீழ இருந்தா டோஸ கிலோ கணக்குலதான் போடணும்னு ஒரு விதி. கிலோவுக்கு 5 மில்லிகிராம்னு போட்டா 193 வருது, மாத்திரை இருக்கறதோ 160, அதனால பார்மசிலேர்ந்து "160-ன்னே மாத்தி போடுங்க"ன்னு டாக்டருக்கு மெசேஜ் வருது. டாக்டரும் 160-ன்னு அடிக்கறாங்க. ஆனா பக்கத்துல இருந்த அந்த அலகு, "மில்லிகிராம்"னு நினைச்சு அடிச்சாங்க, அது "கிலோவுக்கு மில்லிகிராம்"லயே நிக்குது. கம்ப்யூட்டர் சொன்ன வேலைய செஞ்சுது, 160-அ 38.6-ஆல பெருக்குச்சு, முப்பத்தெட்டரை மாத்திரைன்னு கணக்கு போட்டுச்சு.

எச்சரிக்கை வராம இல்ல, வந்துச்சு. டாக்டர் க்ளிக் பண்ணி தாண்டிட்டாங்க, பார்மசிஸ்ட்டும் தாண்டிட்டார், ஏன்னா அன்னிக்கு அவங்க பாத்த நூத்துக்கணக்கான எச்சரிக்கைல இதுவும் அச்சு அசலா அதே மாதிரிதான் இருந்துச்சு. அடுத்து ரோபோ, அதுக்கு என்ன தெரியும், முப்பத்தெட்டரையையும் அழகா பேக் பண்ணி அனுப்பிருச்சு. வார்டுல அன்னிக்கு ராத்திரி இருந்த நர்ஸ் வேற யூனிட்லேர்ந்து வந்தவங்க. என்னடா இவ்ளோ மாத்திரைன்னு அவங்களுக்கு நிஜமாவே உறுத்துச்சு. ஆனா டாக்டர் போட்டிருக்காங்க, பார்மசி பாத்திருக்கு, பார்கோட ஸ்கேன் பண்ணா சரின்னு வருது. குடுத்துட்டாங்க. பையனும் எல்லாத்தையும் முழுங்கினான். சில மணி நேரத்துல உடம்பெல்லாம் மரத்துப் போற மாதிரி இருக்குன்னான், அப்புறம் வலிப்பு வந்துச்சு. நல்ல வேளை பொழச்சுக்கிட்டான்.

பேப்பரா இருந்தா யாராவது கையால "மாத்திரை முப்பத்தெட்டரை"ன்னு எழுதியிருப்பாங்களா? எழுதறப்பவே கை நின்னுடும். சிஸ்டம்ல இத்தனை கட்டம் இருந்ததால ஒவ்வொருத்தரும் எனக்கு முன்னாடி இருக்கறவங்க பாத்திருப்பாங்க, இல்லன்னா மெஷின் பாத்திருக்கும்னு நம்பிட்டாங்க. பார்கோடு சரின்னு சொன்னது ஆர்டரும் பாக்கெட்டும் ஒத்துப்போகுதுங்கறதத்தான், ஆர்டரே சரியாங்கறத அது சொல்லவே இல்ல, அத சொல்ற மெஷினும் அது இல்ல. உங்க ட்ரெய்னிங்ல யாரும் இத தெளிவா சொல்லலன்னா நீங்களா மனசுல எழுதி வச்சுக்கோங்க.

இந்த எச்சரிக்கை விஷயத்துல டாக்டருங்கள மட்டும் திட்டி பிரயோஜனமில்ல. மருந்து ஆர்டர் போடறப்ப வர்ற அலர்ட்ட டாக்டருங்க எவ்ளோ தள்ளிவிடறாங்கன்னு 2006-ல பல ஆய்வுகள சேத்து வச்சு பாத்தாங்க, 49-லேர்ந்து 96 சதவீதம் வரைக்கும். பாதிக்கு மேல தேவையில்லாத அலர்ட்டா இருந்தா கை தானா க்ளோஸ் பட்டன தேடிப் போகும், அது சோம்பேறித்தனம் இல்ல, மனுஷ மூளை அப்படித்தான். ஐசியூ மானிட்டர் கதையும் அதே. நான் சொன்ன அதே பல்கலைக்கழக ஆஸ்பத்திரில 77 ஐசியூ படுக்கைய 31 நாள் எண்ணிப் பாத்தாங்க, 25 லட்சத்துக்கு மேல அலாரம். அதுல காதுல விழற மாதிரி அடிச்சது மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. ஒரு ஷிப்ட்ல ரெண்டு நோயாளி பாத்தீங்கன்னா கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதியும் இல்ல. 1985-லேர்ந்து 87 வரைக்கும் தெராக்-25-ன்னு ஒரு ரேடியேஷன் மெஷின், ஆறு பேருக்கு கண்டபடி கதிர்வீச்ச அடிச்சுருச்சு, சில பேர் அதாலயே செத்துப் போனாங்க. முந்தின மாடல்ல தப்பு நடந்தா தடுக்கறதுக்குன்னு தனியா ஹார்டுவேர் பாதுகாப்பு இருந்துச்சு, இதுல சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு அத எடுத்துட்டாங்க. ஆபரேட்டர் பழகின கையால வேகமா திருத்தி அடிச்சா மட்டும் வெளிய வர்ற ஒரு பக் உள்ள ஒளிஞ்சிருந்துச்சு. ஸ்க்ரீன்ல "மால்ஃபங்ஷன் 54"-ன்னு வரும், அதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்கும் தெரியாது, இந்த மாதிரி மெசேஜ் அடிக்கடி வர்றதுதானேன்னு 'பி' பட்டன அமுக்கி தொடர்ந்துருவாங்க. நாப்பது வருஷம் ஆச்சு, நம்ம இன்னும் அதே பட்டனத்தான் அமுக்கிட்டு இருக்கோம்.

என் கதை ஒண்ணையும் சொல்லிடறேன். ஒரு ராத்திரி ரெண்டு நோயாளியோட விண்டோவ திறந்து வச்சிருந்தேன், நடுவுல போன் வந்துச்சு, பேசிட்டே திரும்பி இன்சுலின் ஆர்டர போட்டேன், போட்டது பக்கத்து ஆளுக்கு. சிஸ்டம் எதுவும் கேக்கல, கேக்கவும் தோணாது, அவரும் சர்க்கரை நோயாளிதான். வார்டு சிஸ்டர் போன் பண்ணி "சார், அவருக்கு இப்போதான் பாத்தேன், சுகர் 92, இன்சுலின் எதுக்கு சார்"னு கேட்டாங்க. எனக்கு வேர்த்துருச்சு. அந்த போன் வரலன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் சில நாள் யோசிப்பேன்.

இந்த மாதிரி ஆள் மாறின ஆர்டர எப்படி கண்டுபிடிக்கறதுன்னு நியூயார்க்ல ஒரு குழு நல்லா யோசிச்சாங்க. ஒரு ஆர்டர போட்டு, 10 நிமிஷத்துக்குள்ள ரத்து பண்ணி, அதே டாக்டர் அதே ஆர்டர வேற நோயாளிக்கு உடனே போட்டா அது பெரும்பாலும் ஆள் மாறினதுதான். யாரும் புகார் எழுதிக் குடுக்கத் தேவையில்ல, கம்ப்யூட்டரே எண்ணிடும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி நோயாளியோட முதல் எழுத்து, வயசு, ஆணா பெண்ணான்னு நாமளே அடிக்கற மாதிரி வச்சா இந்த தப்பு 41 சதவீதம் குறைஞ்சுது, வெறும் "இவர்தானா, சரியா"ன்னு கேட்டு க்ளிக் வாங்கினா 16 சதவீதம்தான். ஏன்னு சொல்லணுமா, க்ளிக் பண்ண கண்ணு தேவையில்ல. பிறந்த குழந்தைங்க யூனிட்ல இன்னும் மோசம், எல்லாம் "பேபி பாய்" "பேபி கேர்ள்"னு ஒரே பேருல கிடக்கும். அம்மா பேர முன்னாடி சேத்து, இன்னாரோட பையன், இன்னாரோட பொண்ணுன்னு மாத்தினாங்க, அவ்ளோதான், காசே செலவில்ல, ஆள் மாறற ஆர்டர் 36 சதவீதம் குறைஞ்சுருச்சு. உங்க ஆஸ்பத்திரில மகப்பேறு வார்டு இருந்தா இத முதல்ல கேளுங்க.

அடுத்து பார்கோடு, உங்க தினசரி வாழ்க்கை. புதுசா வந்ததும் ஒரு மாசம் எல்லாரும் ஒழுங்கா ஸ்கேன் பண்ணுவீங்க. அப்புறம் பாத்தா நோயாளி கைல கட்டற பார்கோடு ரிஸ்ட் பேண்டோட நகல் ஒண்ணு மருந்து ரூம் சுவத்துல ஒட்டியிருக்கும், இன்னொன்னு யாரோட பாக்கெட்லயோ இருக்கும். கிண்டலுக்கு சொல்லல, 2008-ல அமெரிக்காவுல அஞ்சு ஆஸ்பத்திரில போய் பாத்து இப்படி 15 வகை குறுக்கு வழியும் அதுக்கு 31 காரணமும் எழுதி வச்சிருக்காங்க. காரணத்த படிச்சா நம்ம வார்டுல உக்காந்து எழுதின மாதிரியே இருக்கும்: ரிஸ்ட் பேண்டு நனைஞ்சு போச்சு, நோயாளி கடிச்சுட்டார், பாக்கெட் கசங்கி கோடு படிக்கல, கோடு மேலயே இன்னொரு லேபிள ஒட்டிட்டாங்க, ஸ்கேனர்ல சார்ஜ் இல்ல, வயர்லெஸ் மூலைல எடுக்கல. குறுக்கு வழில போன நர்ஸுக்கு மெமோ குடுக்கறது சுலபம். ஆனா சுவத்துல ஒட்டின அந்த ரிஸ்ட் பேண்டு இருக்கே, சிஸ்டம் எங்க ஒடிஞ்சிருக்குன்னு காட்டற எக்ஸ்ரே அது, அத கிழிச்சுப் போட்டுட்டு மெமோ குடுத்தா எலும்பு கூடவா போகுது?

மெமோவோட நின்னா பரவால்ல. 2017 டிசம்பர், அமெரிக்காவுல நாஷ்வில், 75 வயசு அம்மாவுக்கு ஸ்கேனுக்கு முன்னாடி பயம் தெளிய மிடசோலம் குடுக்கணும், பிராண்டு பேர் வெர்செட். நர்ஸ் தானியங்கி மருந்து அலமாரில வி, ஈ-ன்னு ரெண்டு எழுத்த அடிக்கறாங்க, அலமாரியோ பொதுப் பேர்லதான் தேடுது, கிடைக்கல. ஓவர்ரைடு, அதாவது அலமாரியோட தடுப்ப தாண்டி எடுக்கற வழி, அத போட்டு மறுபடி அதே ரெண்டு எழுத்து. வந்தது வெக்குரோனியம், தசைய மொத்தமா செயலிழக்க வைக்கற மருந்து. எடுத்துட்டாங்க. மூடில எச்சரிக்கை எழுதியிருந்துச்சு, மிடசோலம் திரவமா வரும் ஆனா இது பொடி, கலக்க வேண்டியிருந்துச்சு, அத்தனையும் தாண்டிப் போயிருச்சு. அந்த அம்மா இறந்துட்டாங்க. 2022 மார்ச்ல அந்த நர்ஸ குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாங்க, மே மாசம் மூணு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை. நர்ஸ் மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல வரல, அவங்களே முதல் நாள்லயே ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்த சமயத்துல புது சிஸ்டத்துக்கு மாறிட்டு இருந்ததால ஓவர்ரைடு போடறது அங்க தினப்படி வழக்கமா இருந்துச்சுன்னு அவங்க தரப்புல சொன்னாங்க. ரெண்டு எழுத்து அடிச்சாலே உயிர எடுக்கற மருந்து கைக்கு வர்ற அலமாரி யாரோட தப்பு? குறைஞ்சது அஞ்சு எழுத்தாவது அடிக்கணும்னு மருந்துப் பாதுகாப்பு நிபுணர்கள் இப்போ சொல்றாங்க. உங்க அலமாரில எத்தனை எழுத்துன்னு நாளைக்கே பாருங்க.

வேலை பாதியாகும்னாங்கல்ல, அதுக்கு வர்றேன். 2016-ல டாக்டருங்கள பக்கத்துல இருந்தே கவனிச்சு எண்ணினாங்க, நோயாளிகிட்ட ஒரு மணி நேரம் இருந்தா கம்ப்யூட்டர், டெஸ்க் வேலைக்குன்னு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் போகுது, அதுபோக வீட்டுக்குப் போயி ராத்திரி ஒண்ணு ரெண்டு மணி நேரம் வேற. நர்ஸுக்கும் திரை நேரம் கூடத்தான் செய்யும், கண்ணு ஸ்க்ரீன்ல இருந்தா நோயாளியோட முகம் வெளுத்தது தெரியாது. நேரம் இல்லாததால வர்ற இன்னொரு கெட்ட பழக்கம் காப்பி பேஸ்ட். ஒரு ஆஸ்பத்திரில டாக்டர் நோட்ஸ ஆராய்ஞ்சா கையால புதுசா அடிச்சது 18 சதவீதம்தான், 46 சதவீதம் பழைய நோட்லேர்ந்து காப்பி, மிச்சம் சிஸ்டமே இழுத்துப் போட்டது. எடுத்துட்ட யூரின் கதீட்டர் நோட்ல மட்டும் அஞ்சு நாள் உள்ளயே இருக்கறத நானே பாத்திருக்கேன்.

பிட்ஸ்பர்க்ல ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி கதைய மேனேஜ்மென்ட்டுக்கு கட்டாயம் சொல்லுங்க. 2002-ல ஆறே நாள்ல ஆஸ்பத்திரி பூரா ஆர்டர் சிஸ்டத்த மாத்தினாங்க. வேற ஊர்லேர்ந்து சீரியஸா வர்ற குழந்தைக்கு முன்னெல்லாம் வண்டி வந்து சேர்றதுக்குள்ள ஆர்டர எழுதி மருந்த ரெடியா வச்சிருப்பாங்க, புது சிஸ்டத்துல குழந்தை வந்து பதிவு ஆனாத்தான் ஆர்டரே போட முடியும், அதுவும் ஒரு ஆர்டருக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம். அவசர மருந்தையும் வார்டுலேர்ந்து எடுத்து சென்ட்ரல் பார்மசில வச்சுட்டாங்க. அப்படி வந்த குழந்தைங்கள்ல இறப்பு 2.80 சதவீதத்துலேர்ந்து 6.57 ஆச்சு. இத சாஃப்ட்வேர் கொன்னுச்சுன்னு படிக்கக்கூடாது, ஏன்னா சியாட்டில்ல இவங்க அனுபவத்த பாத்து கத்துக்கிட்டு அதே மாதிரி சிஸ்டத்த கொண்டு வந்தப்போ இறப்பு கூடல. ஸ்டான்ஃபோர்டோட குழந்தைகள் ஆஸ்பத்திரில 20 சதவீதம் குறையவே செஞ்சுது. வித்தியாசம் எல்லாம் எப்படி கொண்டு வந்தாங்கங்கறதுலதான்.

ஏஐ பத்தி நீங்க கேக்கல, ஆனா விக்க வர்றவங்க கட்டாயம் பேசுவாங்க. செப்சிஸ, அதாவது கிருமித் தொற்று முத்தி உயிருக்கே ஆபத்தாகற நிலைய, முன்கூட்டியே சொல்லும்னு நிறைய ஆஸ்பத்திரில ஓடின ஒரு மாடல 2021-ல மிச்சிகன்ல சோதிச்சாங்க, செப்சிஸ் வந்தவங்கள்ல 67 சதவீதம் பேர அது கோட்டை விட்டுருச்சு, அதே நேரம் அட்மிட் ஆன எல்லார்லயும் 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடிச்சுது. இதுக்கு மேல நான் எதுவும் சொல்லல.

சரி, நீங்க என்ன பண்றது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க வார்டுலேர்ந்து ஒரு நைட் ஷிப்ட் நர்ஸ சோதனைல உக்கார வைக்கச் சொல்லுங்க, பகல்ல ஏசி ரூம்ல டெமோ பாத்து ஓகே சொல்ற ஆள் வேண்டாம். முதல் ரெண்டு வாரம் ஷிப்டுக்கு ஆள கூட்டிக் கேளுங்க, தர மாட்டாங்க, ஆனாலும் எழுத்துல கேளுங்க. எந்த அலர்ட்ட எத்தனை பேர் தள்ளிவிடறாங்கன்னு மாசா மாசம் கணக்கெடுத்து உபயோகமில்லாதத அணைக்க யாருக்கு அதிகாரம்னு ஒரு பேரக் கேளுங்க, கமிட்டின்னு பதில் வந்தா யாருமே இல்லன்னு அர்த்தம், நானும் அந்த கமிட்டில இருந்தவன்தான். டோஸ் வினோதமா தெரிஞ்சா ஸ்கேனர் பச்சை காட்டினாலும் மருந்த கைல வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க, எனக்கு அந்த சிஸ்டர் பண்ண மாதிரி, எதிர்ல இருக்கறவர் எரிஞ்சு விழுந்தா விழட்டும்.

கடைசியா சிஸ்டம் படுத்தா என்ன பண்றதுன்னு கேட்டு வச்சுக்கோங்க, ஏன்னா அது படுக்கும். 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு கம்ப்யூட்டர் வைரஸ் வந்து இங்கிலாந்துல 236 அரசு ஆஸ்பத்திரி அமைப்புல குறைஞ்சது 80 பாதிச்சுது, 19,000-க்கு மேல அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்னு கணக்கு சொன்னாங்க. 2021-ல அயர்லாந்துல நாட்டோட மொத்த சுகாதாரத் துறை கம்ப்யூட்டரையும் அணைக்க வேண்டி வந்து எல்லாரும் பேப்பருக்குத் திரும்பினாங்க. அப்படி ஒரு ராத்திரி வந்தா உங்க வார்டுல புதுசா சேந்த பிள்ளைங்களுக்கு மருந்து சார்ட்ட கையால எழுதத் தெரியுமா? வெத்து சார்ட் ஒரு கட்டு, அலர்ஜி லிஸ்ட்டோட கடைசி பிரிண்ட், பார்மசியோட நேரடி போன் நம்பர், இது மூணும் எந்த டிராயர்ல இருக்குன்னு ஷிப்ட் மாறறப்ப சொல்லிட்டுப் போங்க, அந்த டிராயர் சாவிய யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம பாத்துக்கோங்க.